கடலில் ஒரு செக்போஸ்ட்: ஹோர்முஸ் முதல் மலாக்கா வரை

களியக்காவிளை பெட்ரோல் பங்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் ஏன் வந்து நிற்கின்றன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். பாறசாலையிலிருந்து எல்லையைத் தாண்டி வந்தால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அது இரண்டு மாநிலங்களின் வரி வித்தியாசம். ஆனால் வரி விழுவதற்கு முந்தைய விலை என்று ஒன்று இருக்கிறதே, அது திருவனந்தபுரத்திலும் முடிவாவதில்லை, சென்னையிலும் முடிவாவதில்லை. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சமையல் கேஸ் விஷயத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். நாட்டுத் தேவையில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி; அந்த இறக்குமதியில் மிகப் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வந்து பழகியது. கத்தாரில் ஏற்றினாலும் குவைத்தில் ஏற்றினாலும் அந்தக் கப்பல் ஹோர்முஸ் ஜலசந்தி என்ற ஒரே ஒரு குறுகலான கடல் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

"அவனுவ அங்க அடிச்சிக்கிட்டா நமக்கு என்னடே?" என்று கொல்லங்கோட்டு டீக்கடையில் கேட்பவர் வீட்டிலும் ஷார்ஜாவிலோ தோஹாவிலோ ஒருத்தராவது இருப்பார். கடற்கரைக் கிராமங்கள் என்றால் இன்னும் ஒருபடி மேல். குமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஒப்பந்தத்தில் ஈரான் போய், அங்குள்ள படகுகளில் வேலை பார்க்கிறார்கள். 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கில் அங்கே சிக்கிக்கொண்டவர்களை ஐஎன்எஸ் ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. ஒரே நடையில் 600க்கும் மேற்பட்டவர்கள். அவர்களை ஏற்றிய துறைமுகம் பந்தர் அப்பாஸ். வரைபடத்தில் ஹோர்முஸ் ஜலசந்தியைத் தேடினால், அதன் வடகரையில் இந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடல் விரிந்து கிடக்கிறது, கப்பல் இஷ்டப்பட்ட பக்கம் போகலாம் என்றுதான் தோன்றும். நடப்பது அதுவல்ல. கப்பல் கம்பெனிக்கு நாளும் எரிபொருளும்தான் காசு. அதனால் எல்லோரும் மிகக் குறைந்த தூரத்தையே தேடுவார்கள். தேடிப் போனால் எல்லோரும் நிலத்துக்கு நடுவே உள்ள அதே நாலைந்து சந்துகளில் வந்து சேர்வார்கள். அவற்றைத்தான் செய்திகளில் சோக்பாயிண்ட் என்கிறார்கள். இங்கே கடல் இடுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இடுக்கு என்றதும் எல்லோரும் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. களியக்காவிளை செக்போஸ்டில் சோதனை கெடுபிடியானால் டூவீலர்க்காரருக்கு ஒன்றும் ஆகாது. ஊரம்பு வழியாகவோ பனச்சமூடு வழியாகவோ நழுவிவிடுவார். கண்டெய்னர் லாரிக்கு அந்த வசதி இல்லை. அது நேர் ரோட்டில் காத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் ஆரியங்காவைச் சுற்றிக்கொண்டு போகும். கடலிலும் இதே கணக்குதான். ஓர் இடுக்கின் பலம் அதன் குறுகலில் இல்லை. சுற்றுவழி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு தூரம், அந்தக் கூடுதல் செலவை யார் தலையில் கட்டுவார்கள் என்பதில் இருக்கிறது.

குறுகல் மட்டும் போதாது என்பதற்கு நம் பாக் நீரிணையே சாட்சி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே எவ்வளவு குறுகல்! ஆனாலும் உலக வணிகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆழம் கிடையாது, பெரிய கப்பல்கள் முதலிலிருந்தே இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. அதை ஆழப்படுத்தத்தான் 2005இல் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கினார்கள், பாதியில் நின்றது. அங்கே மீனவர் பிரச்சினை உண்டு, கச்சத்தீவு அரசியல் உண்டு. ஆனால் அங்கே சண்டை வந்தால் டோக்கியோவில் எண்ணெய் விலை ஏறாது.

ஹோர்முஸ்: சுற்றுவழி இல்லாத வாசல்

ஹோர்முஸில் சண்டை வந்தால் ஏறும். வடக்கே ஈரான், தெற்கே ஓமானின் முசந்தம் முனை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அது முழுவதும் கப்பல் ஓடாது. போக ஒரு தடம், வர ஒரு தடம், தடம் ஒவ்வொன்றும் 2 மைல் அகலம், இடையில் இன்னொரு 2 மைல் காலியிடம். நாலுவழிச் சாலைக்கு நடுவில் மீடியன் விடுகிறோமே, அதே ஏற்பாடுதான். 2024இல் இந்தத் தடங்கள் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பேரல் எண்ணெய் போனது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. திரவ இயற்கை எரிவாயுவிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் கத்தாருடையது. எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் ஆசியாவுக்குத்தான் வருகிறது: சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா. அமெரிக்கா தன் சொந்த எண்ணெயை அதிகமாக எடுக்க ஆரம்பித்த பிறகு ஹோர்முஸ் முக்கியமாக ஆசியாக்காரன் தலைவலி ஆகிவிட்டது. அங்கே காவலுக்கு நிற்பது மட்டும் இன்னமும் அமெரிக்கக் கடற்படை. பஹ்ரைனில்தான் அதன் ஐந்தாவது கப்பற்படைப் பிரிவின் தளம்.

சுற்றுவழி? சவூதி அரேபியாவுக்கு நிலத்தின் குறுக்கே செங்கடல் கரையிலுள்ள யான்பு வரை குழாய் இருக்கிறது. அமீரகத்துக்கு ஹப்ஷானிலிருந்து ஜலசந்திக்கு வெளியே இருக்கும் ஃபுஜைரா வரை ஒரு குழாய். இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டாலும் 2 கோடி பேரலில் பாதியைக்கூட எட்டாது. கத்தார், குவைத், பஹ்ரைன் மூன்றுக்கும் அதுவும் இல்லை. வரைபடத்தில் ஃபுஜைரா எங்கே, துபாயின் ஜெபல் அலி எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒன்று வாசலுக்கு வெளியே, மற்றது உள்ளே. சண்டைச் செய்தி வரும்போது பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

ஈரானிடம் அமெரிக்காவுக்கு நிகரான கடற்படை கிடையாது. தேவையும் இல்லை. கண்ணிவெடி, வேகப் படகு, கரையிலிருந்து ஏவும் ஏவுகணை, ட்ரோன் இவை போதும். 1980-88 ஈரான்-ஈராக் போரில் இரண்டு தரப்பும் நூற்றுக்கணக்கான வணிகக் கப்பல்களைத் தாக்கின. அப்போதும் போக்குவரத்து முழுசாக நின்றுவிடவில்லை. பயமும் செலவும் ஏறின. குவைத்தின் டாங்கர்களுக்கு, அதாவது எண்ணெய்க் கப்பல்களுக்கு, அமெரிக்கக் கொடியை ஏற்றி, 1987இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலாகக் கூடப் போயின. அந்தப் பதற்றத்தின் உச்சத்தில், 1988 ஜூலை 3 அன்று, ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைப் போர்விமானம் என்று நினைத்து ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். நெருக்கடியான இடத்தில் ஆயுதங்களை எதிரெதிரே நிறுத்தினால் இப்படித்தான் தவறு நடக்கும். அங்கே யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

அதற்குப் பிறகும் அடங்கவில்லை. 2019இல் ஃபுஜைரா பக்கம் டாங்கர்கள் தாக்கப்பட்டதும் இந்தியக் கடற்படை 'சங்கல்ப்' என்ற பெயரில் அங்கே காவலுக்குப் போனது. 2024 ஏப்ரலில் எம்எஸ்சி ஏரீஸ் என்ற கண்டெய்னர் கப்பலை ஈரான் பிடித்தது. அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். கப்பல் யாருடையதாக இருந்தாலும், கொடி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், எஞ்சின் அறையில் நிற்பவர் நம் ஊர்க்காரராக இருக்க நிறையவே வாய்ப்பு. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டையின்போது அந்தப் பகுதியில் ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பிவிட்டார்கள். திரையில் பார்த்தால் சில கப்பல்கள் தரையில் நிற்பதாகக் காட்டின. அந்த நாட்களில்தான், ஜூன் 17 அன்று, ஓமான் வளைகுடாவில் இரண்டு டாங்கர்கள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தன.

இருப்பு வைத்துச் சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து சேமிப்பு அறைகள் கட்டியிருக்கிறார்கள். மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நிரம்பியிருந்தால் நாட்டுக்கு ஒன்பது பத்து நாள் தாங்கும். சுத்திகரிப்பு ஆலைகளின் இருப்பு தனிக்கணக்கு. கேஸுக்கு அந்த அளவு ஏற்பாடு கிடையாது. விசாகப்பட்டினத்தில் 60,000 டன், மங்களூருவில் 80,000 டன் குகைச் சேமிப்பு இருக்கிறது. நாட்டின் ஒரு நாள் செலவே 80,000 டன்னுக்கு மேல். பாட்டிலிங் ஆலைத் தொட்டிகளில் இருப்பதையும் வழியில் வரும் கப்பல்களையும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது. என்னைக் கேட்டால், ஹோர்முஸ் பற்றிய விவாதங்களில் பெட்ரோலைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறோம், கேஸைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கடலுக்குச் சட்டம் உண்டா

உண்டு. 1982இல் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐநா கடல் சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 12 கடல் மைல் அந்தந்த நாட்டின் சொந்தக் கடல். 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் போன்ற வளங்களின் மேல் உரிமை. ஆனால் மற்றவர் கப்பல் போவதைத் தடுக்க முடியாது. (ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.) இப்போது ஹோர்முஸுக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் 12, 12 என்று எடுத்தால் 24. குறுகிய இடத்தில் அகலமே அதைவிடக் குறைவு. அதாவது நடுவில் பொதுக்கடல் என்று ஒரு சொட்டுகூட மிஞ்சாது. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே அந்தச் சட்டத்தில் தனி விதி வைத்தார்கள்: சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்படும் ஜலசந்தியில் எல்லாக் கப்பல்களுக்கும் நிற்காமல் கடந்துபோகும் உரிமை உண்டு, கரை நாடு அதை நிறுத்திவைக்கக் கூடாது. ஈரான் கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. மற்றவர்கள் அதை மதிக்கிறார்களா என்று மட்டும் கண்காணிக்கும்.

சட்டம் இருந்தும் தென்சீனக் கடலில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். 2016 ஜூலை 12 அன்று ஹேக் நகரத்து நடுவர் மன்றம், அந்தக் கடலின் பெரும்பகுதி தனக்கே என்ற சீனாவின் வரலாற்று உரிமைக் கோரிக்கைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. சீனா ஏற்க மறுத்துவிட்டது. பிலிப்பைன்ஸ் 1999இல் வேண்டுமென்றே ஒரு பழைய கப்பலை மணல்திட்டில் தரைதட்ட விட்டு, இன்றும் அதில் வீரர்களை உட்காரவைத்திருக்கிறது. அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகள் மேல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சி அடிக்கின்றன.

செங்கடல் வாசலும் நம் கரையில் விழுந்த குண்டும்

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு இரண்டு பூட்டு. ஒன்று, 1869இல் திறந்த சூயஸ் கால்வாய். இன்னொன்று, செங்கடலின் தென்முனையில் ஏமனுக்கும் ஜிபூட்டிக்கும் நடுவே உள்ள பாப் எல் மண்டேப் ஜலசந்தி, அகலம் சுமார் 30 கிலோமீட்டர். இதில் ஒன்று அடைபட்டாலும் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும்; 10 முதல் 14 நாள் கூடும். சுற்றுவழி உண்டு, ஆனால் பர்ஸைக் காலி பண்ணிவிடும். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலகத்தையே நிறுத்தியது நினைவிருக்கும். அதில் வேலை பார்த்த 25 பேரும் இந்தியர்கள்.

இந்த இடுக்கின் கதையில்தான் நம் கடற்கரைக்கு நேரடியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. 2008 வாக்கில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஏடன் வளைகுடாவில் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். போர்க்கப்பல்கள் அங்கே குவிந்ததும் அவர்கள் தாய்க்கப்பல் வைத்துக்கொண்டு நடுக்கடலுக்கு நகர்ந்தார்கள். கப்பல் தொழில் அமைப்புகள் 'அதிக ஆபத்துப் பகுதி' என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தன. 2010இல் அந்தக் கோட்டை கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை இழுத்தார்கள். களியக்காவிளை இருப்பது 77 டிகிரி சொச்சத்தில். ஆக, மும்பையிலிருந்து கன்னியாகுமரி வரை முழு மேற்குக் கரையும் கொள்ளையர் பகுதிக்குள் வந்துவிட்டது. அந்தக் கோட்டுக்குள் வரும் கப்பலுக்குக் காப்பீடு கூடும். பல கப்பல்களில் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் ஏறினார்கள்.

அந்த நேரத்தில் நம் கடலில் இருந்தது யார்? நீரோடி முதல் இரையுமன்துறை வரை தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்கப் பேர்போனவர்கள். தங்குகடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். ராத்திரி வலையை விரித்துவிட்டுப் படகு அதோடு மிதக்கும். வலையின் மறுநுனியில் மினுக்கும் சின்ன விளக்கு பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் தெரிவது சந்தேகம். டாங்கர் ஒன்று வலையை நோக்கி வருகிறது என்றால் படகை ஓட்டும் ஸ்ராங்கு என்ன செய்வார்? படகை அதன் பக்கமாக ஓட்டி, டார்ச் அடித்து, கையைக் காட்டி விலகச் சொல்வார். லட்சக்கணக்கில் மதிப்புள்ள வலை. இதே காட்சியை மேலிருந்து, கொள்ளையர் பயத்தோடு, பைனாகுலரில் பார்க்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும்? வேகமாக நெருங்கி வரும் சின்னப் படகு. கொள்ளையர்களும் அப்படித்தான் வருவார்கள்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். சிங்கப்பூரிலிருந்து எகிப்து நோக்கிப் போய்க்கொண்டிருந்த என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கொடி டாங்கர். அதில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் ஒரு மீன்பிடிப் படகில் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் குமரி மாவட்டத்துக்காரர். மலாக்கா பக்கமிருந்து சூயஸுக்குப் போகும் கப்பலில் பாப் எல் மண்டேபின் பயம் ஏறியிருந்தது. குண்டு விழுந்தது நம் கடலில். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2020இல் ஹேக் நடுவர் மன்றம், அந்த வீரர்களுக்கு அரசுப் பணியாளர் என்ற விலக்கு உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தபின், 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. ஆபத்துப் பகுதியின் அந்த எல்லைக்கோட்டை இந்தியாவின் கோரிக்கைப்படி 65 டிகிரிக்குப் பின்னே தள்ளியது 2015 கடைசியில். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதற்கே நாலு வருஷத்துக்குக் கிட்டே ஆனது.

2023 ஜனவரி 1 முதல் அந்த ஆபத்துப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஏமனின் ஹூதிகள் என்ற ஆயுதக் குழுவினர் ஹெலிகாப்டரில் வந்து கேலக்ஸி லீடர் என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். காசா போருக்குப் பதிலடி என்றார்கள். அடுத்த மாதங்களில் 100க்கும் மேற்பட்ட கப்பல்கள் மேல் ட்ரோனும் ஏவுகணையும். 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற கப்பலில் மூன்று மாலுமிகள் செத்தார்கள். அதிலிருந்த 21 பேரைக் கொண்டுவந்து சேர்த்தது ஐஎன்எஸ் கொல்கத்தா. ஏமனில் ஆட்சி முழுவதும்கூடக் கையில் இல்லாத ஒரு குழு, சூயஸ் கால்வாயின் அந்த ஆண்டு வருமானத்தை 60 சதவீதம் அளவுக்குச் சரித்துவிட்டது. கஷ்டப்பட்டது எகிப்து. அதுவோ அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை.

ஜலசந்தியை அவர்கள் மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூட அவர்களிடம் கப்பலே கிடையாது. வேலை செய்தது காப்பீட்டுக் கணக்கு. சாதாரணக் காப்பீடு போர்ப் பகுதிக்குச் செல்லாது. கடக்கும் ஒவ்வொரு தடவைக்கும் போர் அபாயக் காப்பீடு தனியாக வாங்க வேண்டும். செங்கடலில் அது கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2024 தொடக்கத்தில் ஒரு சதவீதத்தைத் தொட்டது. 10 கோடி டாலர் பெறுமான கப்பலுக்கு ஒரு தடவை தாண்ட 10 லட்சம் டாலர். அதற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றுவதே மேல் என்று பெரிய கம்பெனிகள் திரும்பிக்கொண்டன. வாடகை பல மடங்கு ஏறியது. திருப்பூரிலிருந்து பனியன் அனுப்புபவர் அதைச் சுமந்தார். அதனால் 'மூடுவார்களா, மாட்டார்களா' என்று டிவியில் மணிக்கணக்காக நடக்கும் விவாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காப்பீட்டு விகிதம் என்ன, ஒரு நாளில் எத்தனை கப்பல் கடந்தது, எந்தக் கம்பெனி திரும்பிப் போனது என்று பார்த்தாலே போதும்.

மலாக்கா: அடைக்கக் கஷ்டமான இடம்

வரைபடத்தில் மிகப் பயங்கரமாகத் தெரிவது இதுதான். மலேசியாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சந்து, சிங்கப்பூர் அருகே ஃபிலிப்ஸ் கால்வாயில் 3 கிலோமீட்டருக்கும் கீழே குறுகிவிடும். ஆண்டுக்கு 90,000 கப்பல்களுக்கு மேல் கடக்கின்றன. சீனா, ஜப்பான், கொரியாவுக்கான எண்ணெய் இதன் வழியாகத்தான்.

இதன் அருமை புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் படை அனுப்பினான் அல்லவா, அந்தக் கடாரம் இந்தச் சந்தின் வடக்கு வாயில்தான். போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் 1511இல் மலாக்காவைப் பிடித்தான், 1515இல் ஹோர்முஸைப் பிடித்தான், இடையில் 1513இல் ஏடனை மட்டும் பிடிக்க முடியவில்லை. மூன்று பூட்டில் ஒன்று திறந்தே கிடந்ததால் நம் மலையோர மிளகு செங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மிளகுக்காக வந்த டச்சுக்காரர்களை 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது, மலாக்கா அவர்கள் கையில்தான் இருந்தது. குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

2003இல் சீன அதிபர் ஹு ஜின்டாவ் மலாக்காவைத் தன் நாட்டின் இக்கட்டு என்று பேசியதிலிருந்து, 'சீனாவின் கழுத்து இந்தியாவின் கையில்' என்ற வகைப் பேச்சுக்குக் குறைவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் பழையதுதான்: சுற்றுவழி. மலாக்கா அடைபட்டால் இந்தோனேசியாவின் சுண்டா, லொம்போக் ஜலசந்திகள் இருக்கின்றன. சில நாள் கூடும், அவ்வளவே. அடைப்பவன் சீனாவை மட்டும் பொறுக்கி எடுத்து அடைக்கவும் முடியாது. ஒரே கப்பலில் பத்து நாட்டுச் சரக்கு இருக்கும். ஜப்பானும் கொரியாவும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். ஆனாலும் சீனா பயப்படுகிறது, அந்தப் பயத்தில் பணம் கொட்டுகிறது. மியான்மரின் சாவ்ப்யூ துறைமுகத்திலிருந்து சீனாவின் யுனான் மாகாணம் வரை எரிவாயுக் குழாய், எண்ணெய்க் குழாய். பாகிஸ்தானில் குவாதர் துறைமுகம். இலங்கையில் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த அம்பாந்தோட்டைத் துறைமுகம். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது இந்தியா பதறியது இதனால்தான்.

தைவான் ஜலசந்தி வேறு ரகம். குறுகிய இடத்திலேயே 130 கிலோமீட்டர். கப்பல்கள் தைவானுக்குக் கிழக்கே சுற்றிப் போகலாம். அங்கே பயம் வழியைப் பற்றியது இல்லை, தைவான் தீவைப் பற்றியதும் அங்கே தயாராகும் சிப்புகளைப் பற்றியதும்.

இந்தியாவின் பக்கம் பார்த்தால், மலாக்காவின் மேற்கு வாயிலில் கிரேட் நிக்கோபார் இருக்கிறது. இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் அருகிலுள்ள தீவுக்குச் சுமார் 160 கிலோமீட்டர். 2001 முதல் அந்தமானில் முப்படைக் கூட்டுத் தலைமையகம். கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம் கட்டப்போகிறார்கள். அது தோணியாமைகள் முட்டையிடும் கரை, ஷோம்பென் பழங்குடிகளின் தீவு என்று எதிர்ப்பும் வலுவாக இருக்கிறது. மேற்கே லட்சத்தீவின் மினிக்காய்க்கு இரண்டு பக்கமும் 8 டிகிரி, 9 டிகிரி கால்வாய்கள். வளைகுடாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் 9 டிகிரியில்தான் அதிகம் கடக்கின்றன. 2024 மார்ச்சில் மினிக்காயில் ஐஎன்எஸ் ஜடாயு என்ற தளம் வந்தது. நம் கையில் உள்ள இந்த வாசல்களை நாம் மூடப்போவதில்லை. நம் கேஸும் அந்தப் பாதையை ஒட்டித்தான் வருகிறது.

விழிஞ்ஞம் வந்த பிறகு

களியக்காவிளையிலிருந்து மணிக்கணக்குப் பயணம்கூட இல்லை, கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம். சர்வதேசக் கப்பல் பாதை அங்கிருந்து 10 கடல் மைல்தான், கரையோரமே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம். தாய்க்கப்பல் வந்து பெட்டிகளை இறக்கும், சின்னக் கப்பல்கள் மற்றத் துறைமுகங்களுக்குப் பிரித்து எடுத்துப் போகும். இந்த வேலையை இதுவரை நமக்குக் கொழும்பும் சிங்கப்பூரும் ஜெபல் அலியும் செய்துவந்தன. 2024 டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது, 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதே மாதிரித் துறைமுகத்தைக் குமரி மாவட்டத்து இனயத்தில் கொண்டுவருவதாகச் சொன்னபோது நம் மீனவர்கள் போராடி நிறுத்தினார்கள். விழிஞ்ஞத்திலும் 2022இல் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது.

பாதை பக்கத்தில் வந்தால் அதன் ஆபத்தும் பக்கத்தில் வரும். 2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 600க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கியது. அதிலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையோடு நிற்காமல் குமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. அதற்கு முன், 2018 ஆகஸ்டில், கேரளத்தின் முனம்பம் அருகே ஒரு கப்பல் இடித்து மீன்பிடிப் படகு உடைந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்துக்காரர்கள்.

மரத்திலும் ஃபைபரிலும் கட்டிய படகு கப்பலின் ரேடாரில் சரியாக விழாது. ஏஐஎஸ் என்ற கருவி படகில் இருந்தால், அதன் பெயரும் இடமும் வேகமும் கப்பலின் திரையில் தெரியும். கப்பல் வருவது படகிலும் தெரியும். பெரிய கப்பல்களுக்கு அது கட்டாயம். படகுக்காரர்கள் சிலர், மீன் கிடைக்கும் இடம் அடுத்த படகுக்குத் தெரிந்துவிடும் என்று அதை அணைத்துவைப்பதும் உண்டு. கப்பல் பாதையைக் குறுக்கே கடக்கும் நேரத்திலாவது போட்டுவைக்கலாம்; விஎச்எஃப் ரேடியோவைச் சேனல் 16இல் வைத்துக்கொண்டால் கப்பலின் மாலுமி அறைக்கு நேரடியாகக் குரல் கேட்கும்.